பொரியும் கடலையும் கோக்கோவும்

அறபு மொழியில் இனிமையைக் குறிக்கும் சொல் ‘ஹுல்வ்’ என்பதாகும். அதன் வழிப் பிறந்ததே ‘ஹல்வா’. அறபியர்க்கு அச்சொல் இனிப்புப் பண்டம் எதற்கும் பொதுவானது. நம் தமிழகத்திலோ அது ‘அல்வா’ என உருமாறி, வாணலியில் நெய்விட்டுக் கிண்டி எடுக்கும் ஒரு பண்டத்துக்கு மட்டும் பெயராகச் சுருங்கி நின்றுவிட்டது. இதற்கு நேர்மாறாக விரிந்த சொற்களும் உள. எள்ளின் நெய்யே எண்ணெய். இன்றோ தேங்காயிலிருந்து வருவதும் எண்ணெய், கடலையிலிருந்து வருவதும் எண்ணெய், பூமிக்கடியிலிருந்து வருவதும் மண்ணெண்ணெய். வடமொழியின் ‘சர்க்கரா’ பாரசீகத்தில் ‘ஷகர்’ ஆகி, அறபியில் ‘ஸுக்கர்’ ஆகி, அறபு வணிகரோடு கடல் கடந்து ஐரோப்பிய மொழிகளிலெல்லாம் குடியேறிற்று. நம் கற்கண்டில் உள்ள ‘கண்டு’ என்பதும், அறபியின் ‘கந்து’ என்பதும், ஆங்கிலேயர் மிட்டாய்க்கு வழங்கும் ‘கேண்டி’ என்பதும் ஒரே வேரின் கிளைகள் என்று மொழிநூலார் கூறுவர். இனிப்பு ஓரிடத்தில் தங்கியிருப்பதில்லை. அது பயணம் செய்கிறது. போன இடத்தின் மொழியைக் கற்றுக்கொள்கிறது.

இவ்வாறு பயணம் செய்து, கடந்த மார்கழியில் எங்கள் இல்லத்து அடுக்களைக்கு வந்து சேர்ந்த ஓர் இனிப்பைப் பற்றியே இக்கட்டுரையில் எழுதுகிறேன். ஓதுவதும் ஓதிக் கொடுப்பதுமாக வாழ்நாளைக் கழித்த ஒருவனுக்கு அடுக்களையில் என்ன வேலை என்று வாசகர் நினைக்கலாம். அறபு இலக்கியத்தை அறிந்தோர் அவ்வாறு நினையார். பக்தாதைச் சேர்ந்த முஹம்மது இப்னுல் ஹஸன் என்னும் அறிஞர் 1226ஆம் ஆண்டில் ‘கிதாபுத் தபீக்’ என்ற சமையல் நூலை எழுதினார். மனிதர் துய்க்கும் இன்பங்களை ஆறாக வகுத்து, அவற்றுள் உணவையே முதன்மையாக வைத்தவர் அவர். அறபியர் வாதுமைப் பருப்பை அரைத்துச் சர்க்கரை கூட்டிச் செய்த ‘லவ்ஸீனஜ்’ என்னும் பண்டமும் பழஞ்சமையல் நூல்களில் இடம்பெற்றதே. கொட்டையை வறுத்து விழுதாக அரைத்து இனிப்புச் சேர்ப்பது, ஆகவே, நேற்று வந்த நாகரிகம் அன்று.

எங்களுக்கு அறிமுகமான பண்டம் அமெரிக்காவினுடையது. என் மகள் அந்நாட்டில் குடும்பத்துடன் வாழ்கிறாள். குளிர்கால விடுமுறையில் அவளும் பதினொரு வயதுப் பேத்தியும் எங்களிடம் வந்திருந்தனர். பள்ளியில் தோழியரோடு சேர்ந்து செய்யப் பழகிய இனிப்பொன்றை எங்களுக்குச் செய்து காட்ட வேண்டுமென்று பேத்தி விரும்பினாள். அங்குக் காலையுணவாகப் பாலில் இட்டு உண்ணும், அரிசியாலோ சோளத்தாலோ செய்த மொறுமொறுப்பான சில்லுகளை எடுத்துக்கொள்வர். சாக்லெட்டையும் வேர்க்கடலை விழுதையும் வெண்ணெயோடு உருக்கி அவற்றின்மேல் ஊற்றிப் புரட்டுவர். இறுதியில் மாவுபோல் பொடித்த சர்க்கரையைத் தூவிக் குலுக்கி எடுப்பர். அடுப்பில் வேகவைக்கும் வேலை இல்லை. ஆகவே சிறுவர்க்கு ஏற்றது.

இதன் உறுப்புகள் மூன்றுக்கும் வரலாறு உண்டு. தானியச் சில்லு, அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் பேட்டில் கிரீக் என்னும் ஊரில் மருத்துவ விடுதி நடத்திய கெல்லாக் சகோதரர்கள் 1894இல் நோயாளிகளுக்காகக் கண்டறிந்தது. கடலை விழுதுக்குக் கனடாவின் மார்செல்லஸ் எட்சன் 1884இலேயே காப்புரிமை பெற்றார். கெல்லாக்கும் 1895இல் கொட்டை விழுது செய்யும் முறைக்குக் காப்புரிமை கோரினார். அலபாமாவின் டஸ்கீகி கல்விக்கூடத்தில் பணிபுரிந்த ஜார்ஜ் வாஷிங்டன் கார்வரே இதைக் கண்டுபிடித்தார் என்று பலர் சொல்வது தவறு. ஆயினும் அவர் செய்த தொண்டு அதனினும் பெரிது. அடிமையாகப் பிறந்து அறிஞராக உயர்ந்த அப்பெருமகனார், பருத்தி விளைந்து விளைந்து சாரமற்றுப் போன நிலத்தில் கடலை பயிரிட்டால் மண் வளம் பெறும் என்று ஏழைக் குடியானவர்க்கு எடுத்துரைத்தார். 1916இல் கடலையை உணவாக்கும் 105 முறைகளைச் சிறுநூலாகவும் வெளியிட்டார். மூன்றாவதான சாக்லெட், அமெரிக்கக் கண்டத்துப் பழங்குடியினர் கசப்புப் பானமாகக் குடித்த கோக்கோவிலிருந்து வந்தது. ஸ்பானியர் அதை ஐரோப்பாவுக்குக் கொண்டு சென்றனர். 1847இல் பிரிஸ்டல் நகரத்து ஃபிரை நிறுவனத்தார் அதைக் கடித்துத் தின்னும் கட்டியாக்கினர்.

எங்கள் வீடு மதுராந்தகத்திலிருந்து வேடந்தாங்கல் செல்லும் வழியில் உள்ளது. கடைத்தெருவில் தேடியபோது, அங்குக் கிடைக்கும் தானியச் சில்லு இங்கு அகப்படவில்லை. பேத்தியின் முகம் வாடிற்று. என் மனைவியோ சற்றும் கலங்காமல் ஒரு படி அரிசிப்பொரியை அவள்முன் கொட்டி, “இதைவிட மொறுமொறுப்பு உங்க ஊர்ல இருக்காம்மா?” என்று கேட்டாள். குழந்தை ஒரு பிடி அள்ளி வாயிலிட்டாள். “நன்னி, இது பரவாயில்லை” என்றாள். அவள் தமிழில் ‘பரவாயில்லை’ என்பது உயர்ந்த பாராட்டு.

அரிசிப்பொரியின் கதை கெல்லாக்கின் கதையைவிட மிக நீண்டது. நெல்லை அவித்து உலர்த்திக் குத்திய அரிசியில் உப்புநீர் தெளித்து, கொதிக்கும் மணலில் இட்டுப் புரட்டுவர். அரிசியின் உள்ளிருக்கும் சிறிதளவு ஈரம் ஒரே கணத்தில் ஆவியாகி வெளியேற முயலும்போது அரிசி பூத்துப் பொரியாகிறது. இதை நம் நாட்டுப் பொரிகாரர் எந்த ஆய்வுக்கூடமும் இன்றிப் பரம்பரையாகச் செய்து வருகின்றனர்.

வேர்க்கடலைக்கோ நாங்கள் ஊரைவிட்டு வெளியே செல்ல வேண்டியதில்லை. எங்கள் வட்டாரத்துச் செம்மண் மேடுகளில் மானாவாரியாக விளைவது அது. அதிகத் தொலைவில் இல்லாத திண்டிவனத்து எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தின் பெயரைத் தாங்கிய ‘டி.எம்.வி.’ இரகங்களை அறியாத குடியானவர் இப்பக்கத்தில் இரார். ஆயினும் கடலையும் இம்மண்ணுக்கு விருந்தாளியே. அதன் பிறப்பிடம் தென்னமெரிக்கா. போர்த்துக்கீசியர் அதை ஆப்பிரிக்காவுக்கும், ஸ்பானியர் பசிபிக் கடல் வழியே பிலிப்பைன்சுக்கும் கொண்டு சென்றனர். தமிழ்நாட்டின் வடபகுதியில் முதியோர் இன்றும் ‘மணிலாக்கொட்டை’ என்று சொல்வது மணிலா நகரை நினைத்துத்தான். அறபியரோ அதனை ‘ஃபூல் ஸூதானி’, அதாவது சூடான் நாட்டு அவரை என்பர். உண்மையில் அது மணிலாவினதும் அன்று, சூடானினதும் அன்று. ஒவ்வொரு மக்களும் தமக்கு அதனைக் கொண்டுவந்து சேர்த்த கடைசி வாசலின் பெயரை அதற்குச் சூட்டிவிட்டனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தென்னார்க்காட்டுக் கடலை புதுச்சேரித் துறைமுகத்தில் கப்பலேறிப் பிரான்சின் மார்சேல் நகரத்து எண்ணெய் ஆலைகளுக்குச் சென்றது. தெற்கே கோவில்பட்டியில் வெல்லப்பாகும் கடலையும் சேர்த்துச் செய்யும் கடலை மிட்டாய் 2020இல் புவிசார் குறியீடு பெற்றது. விருந்தாளியாக வந்த பயிர் வீட்டுப்பிள்ளை ஆகிவிட்டது.

இனிச் செய்முறையைச் சொல்கிறேன். பேத்தியும் அவள் நன்னியும் இரண்டு நாள் முயன்று கண்ட அளவு இது.

எட்டுக் குவளை அரிசிப்பொரியை இளஞ்சூட்டில் வெறும் வாணலியில் ஐந்து நிமிடம் புரட்டி ஆறவிட வேண்டும். மார்கழிப் பனியில் பொரி நமுத்துப்போகும். நமுத்த பொரியின்மேல் எதைப் பூசினாலும் அது இரப்பர்போல் ஆகிவிடும். 150 கிராம் வேர்க்கடலையைச் சிறுதீயில் வறுத்து, தோல் நீக்கி, ஈரமற்ற மிக்ஸியில் அரைக்க வேண்டும். முதலில் அது பொடியாகும். பின் கட்டிபட்டு நிற்கும். அவசரப்பட்டு நீர் விடுதல் கூடாது. நிறுத்தி நிறுத்தி, ஓரத்தை வழித்துவிட்டு அரைத்தால், கடலையில் ஏறத்தாழப் பாதி எண்ணெயே ஆதலால், அவ்வெண்ணெய் தானாகவே வெளிப்பட்டு விழுது நெகிழ்ந்து பளபளக்கும்.

ஒரு பெரிய பாத்திரத்தில் நீரைக் கொதிக்கவைத்து இறக்கி, அதன்மேல் உலர்ந்த சிறு பாத்திரத்தை வைத்து, 150 கிராம் கறுப்புச் சாக்லெட்டையும் மூன்று மேசைக்கரண்டி நெய்யையும் இட்டு உருக்க வேண்டும். அடுப்பின்மேல் நேரே வைத்தால் சாக்லெட் கருகிவிடும். ஒரு துளி நீர் பட்டாலும் சாக்லெட்டில் உள்ள கோக்கோத் துகளும் சர்க்கரையும் அந்நீரைப் பற்றிக்கொண்டு மண்போல் இறுகும். உருகியதும் கடலை விழுதைச் சேர்த்துக் கலக்கி, பொரியின்மேல் ஊற்றி, மரக்கரண்டியால் அடியிலிருந்து மேலாகப் புரட்ட வேண்டும்.

இறுதியில் பொடித்த சர்க்கரை. இங்கேதான் என் மனைவி அமெரிக்க முறையை மாற்றினாள். அவள் சர்க்கரை நோய்க்கு மருந்து உண்பவள். சர்க்கரை மாவை வாரி இறைப்பதைப் பார்த்துக்கொண்டிருக்க அவளால் இயலவில்லை. மாலாடுக்குச் செய்வதுபோல் முக்கால் குவளை பொட்டுக்கடலையை மாவாக்கி, அரைக் குவளை சர்க்கரைப் பொடியோடு கலந்து தூவினாள். துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் காப்பதே அந்தப் பூச்சின் வேலை. அதைப் பொட்டுக்கடலை மாவு சர்க்கரையைவிட நன்றாகவே செய்தது. இனிப்பும் குறைந்தது. அவளும் இரண்டு விரலில் கிள்ளிய அளவு சுவைத்தாள்; அதற்குமேல் தட்டைத் தொடவில்லை.

பருவம் ஒன்றையும் சொல்ல வேண்டும். சாக்லெட்டிலுள்ள கோக்கோக் கொழுப்பு நம் உடற்சூட்டுக்குச் சற்றுக் குறைந்த வெப்பத்திலேயே உருகுவது. வாயிலிட்டதும் அது கரைவதன் காரணமும் அதுவே. சித்திரை வெயிலில் எங்கள் பக்கத்தில் இதைச் செய்தால் தட்டில் குழம்புதான் மிஞ்சும். ஆகவே இது மார்கழி, தை மாதங்களுக்குரிய பண்டம். வேடந்தாங்கல் ஏரிக்குப் பறவைகள் வந்து தங்கும் காலத்துப் பண்டம்.

முதல் நாள் செய்தது வீட்டிலேயே தீர்ந்தது. மாலையில் என்னிடம் ஓத வரும் மக்தப் பிள்ளைகள் இருபத்தாறு பேருக்கும் மறுநாள் கொடுக்க வேண்டுமென்று பேத்தி ஆசைப்பட்டாள். எனக்கும் மகிழ்ச்சியே. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் இனிப்பையும் தேனையும் விரும்பினார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்ததை அப்பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவன் நானே. அப்போது பேத்தி கேட்டாள்: “நன்னா, அந்தப் பிள்ளைகள்ல யாருக்காவது கடலை ஆகாதா?”

“கடலை ஆகாதவங்க நம்ம ஊர்ல யாரும்மா இருக்காங்க?” என்று என் மனைவி சிரித்தாள். குழந்தை சிரிக்கவில்லை. தன் பள்ளியில் இருவர் இருப்பதாகவும், அவர்களுக்கெனத் தனி மேசை உண்டென்றும், கேட்காமல் யாரும் யாருக்கும் தின்பண்டம் கொடுக்கக் கூடாதென்பது அங்கு விதியென்றும் தனக்குத் தெரிந்த தமிழில் கூறினாள். கேட்பதால் நமக்கு என்ன குறை என்று எண்ணி, அன்று மாலையே பிள்ளைகளிடம் கேட்டேன். இருபத்தைந்து பேர் கலகலத்தனர். மூலையிலிருந்து ஒரு கை மட்டும் மெல்ல எழுந்தது.

எட்டு வயதுச் சிறுவன். தந்தை வெளிநாட்டில் தொழில் புரிகிறார். தாயுடன் அடுத்த தெருவில் வசிக்கிறான். நான் அவன் வீட்டுக்குச் சென்று விசாரித்தபோது அவன் தாயார் கதவோரத்தில் நின்று சொன்னார்: “ஆமாங்க ஹஜ்ரத். மூணு வயசுல ஒரு கல்யாணத்துல கடலை உருண்டை தின்னான். உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடிச்சு, மூச்சே நின்னுபோற மாதிரி ஆயிடுச்சு. ஆஸ்பத்திரியில ஊசி போட்டுத்தான் பிழைச்சான். அதிலிருந்து எந்த விசேஷத்துக்கும் அவனை அனுப்புறதில்லை. யாராவது எதையாவது கொடுத்தா, பசிக்கலைன்னு சொல்லிடச் சொல்லியிருக்கேன்.”

மக்தபில் யாரேனும் பேரீச்சம்பழமோ மிட்டாயோ பகிரும்போது அந்தச் சிறுவன் உள்ளங்கையை மடக்கிக்கொண்டு ‘எனக்குப் பசிக்கலை’ என்று சொல்வதை நான் பார்த்திருக்கிறேன். கூச்ச சுபாவம் உடைய பிள்ளை என்றே அனைவரும் அறிந்திருந்தோம். அந்தச் சொல் அவன் தாய் அவனுக்கு அணிவித்த கவசம் என்பது அன்றுதான் தெரிந்தது.

வீட்டில் ஆலோசனை நடந்தது. என் மனைவி கூறியதில் நியாயம் இருந்தது. “இருபத்தஞ்சு பிள்ளைங்க ஆசையா இருக்கு. கடலை ஏழைப் பிள்ளைக்குச் சத்து. அவனுக்கு மட்டும் ஒரு நல்ல ஆப்பிள் பழம் கொடுத்தாப் போகுது” என்றாள். கடலையில் கால்பங்குக்கு மேல் புரதம் என்பது உண்மை. அவள் அதை எண்ணியே சொன்னாள். பேத்தி அதற்கு மறுமொழி நீளமாகச் சொல்லவில்லை. “நன்னி, தனி மேசையில உட்கார யாருக்கும் பிடிக்காது. நான் பார்த்திருக்கேன்” என்றாள்.

ஆபத்தும் இருந்தது. கடலை ஒவ்வாமை கடுமையாக உள்ளவர்க்குக் கடலையை உண்டால்தான் தீங்கு என்பதில்லை. கடலை அரைத்த பாத்திரத்தில் ஒட்டிய மிகச் சிறு எச்சமும் போதும். இருபத்தைந்து சிறுவர் கடலை பூசிய விரல்களோடு ஒரே பாயில் அமர்ந்து, ஒரே பலகையைத் தொட்டு, ஒரே குவளையில் நீர் அருந்தும் இடத்தில் ஓர் ஆப்பிள் பழம் அவனைக் காக்காது. ஆகவே மக்தபுக்குக் கடலை வேண்டாமென முடிவாயிற்று. கடலையின் இடத்தில் எதை வைப்பது?

இங்கே என் அறபு உதவிற்று எனலாம். ஷாம் நாட்டவரும் மிஸ்ரு நாட்டவரும் எள்ளை அரைத்து ‘தஹீனா’ செய்வர். ‘தஹன’ என்றால் அரைத்தான் என்பது பொருள், அரைபட்டதால் அப்பெயர். அதில் சர்க்கரை கூட்டி ஹல்வாவாகவும் செய்வதுண்டு. எள் ஆகுமா என்று சிறுவனின் தாயாரிடம் கேட்டோம். எள்ளும் சிலர்க்கு ஒவ்வாதது ஆதலால் கேட்க வேண்டியிருந்தது. “எள்ளுருண்டை அவனுக்கு உயிர். பொட்டுக்கடலைச் சட்னி தினமும் சாப்பிடுறான். டாக்டரும் அதெல்லாம் கொடுக்கலாம்னு சொல்லியிருக்காங்க” என்றார் அவர்.

அதன்பின் அவரே தலைமை ஏற்றார். பொரியைக் கடையில் திறந்த கூடையிலிருந்து வாங்க வேண்டாம் என்றார். கடலையை அளந்த அதே படியால்தான் பொரியையும் அளப்பார்கள், கட்டு பிரிக்காத பொட்டலமாக வாங்குங்கள் என்றார். எங்கள் மிக்ஸி முந்திய நாள் கடலை அரைத்தது. ஆதலால் தம் வீட்டு மிக்ஸியையே கொண்டுவந்தார். அவ்வீட்டில் கடலை நுழைந்து ஐந்தாண்டு ஆயிற்றாம். நாங்கள் வாங்கி வைத்திருந்த சாக்லெட் உறையில், அதே ஆலையில் கொட்டை வகைகளும் கையாளப்படுகின்றன என்று சிற்றெழுத்தில் அச்சிட்டிருந்ததை என் மகள் படித்துக் காட்டினாள். ஆகவே அதையும் விலக்கி, அத்தகைய எச்சரிக்கை இல்லாத வெறும் கோக்கோப் பொடியை வாங்கினோம்.

உறையைப் படிப்பது நம்மவர்க்குப் புதிய பழக்கம் அன்று. பச்சைப் புள்ளி இருந்தால் அதில் மாமிசம் இல்லை என்று அறிகிறோம். உள்ளே மது நிரப்பிய சாக்லெட்டும் உலகில் உண்டு என்பதால் அதையும் பார்த்தே வாங்குகிறோம். ஆகுமானது எது, ஆகாதது எது என்று ஆராய்ந்து உண்ணும் சமுதாயத்துக்கு, அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு ஆகாதது எது என்று இன்னும் ஒரு வரி சேர்த்துப் படிப்பது கடினமான காரியமா?

150 கிராம் வெள்ளை எள்ளை மணம் வரும்வரை வறுத்து, இரண்டு மேசைக்கரண்டி நல்லெண்ணெயோடு அரைத்தோம். ஐந்து மேசைக்கரண்டி நெய்யை உருக்கி, ஐந்து மேசைக்கரண்டி கோக்கோவும் முக்கால் குவளை சர்க்கரைப் பொடியும் அந்த எள் விழுதும் சேர்த்துக் குழைத்தோம். எட்டுக் குவளைப் பொரிக்கு அது போதுமானதாயிற்று; இருபத்தாறு பிள்ளைகளுக்காக இருமுறை செய்தோம். எள்ளின் இலேசான கசப்பும் கோக்கோவின் கசப்பும் ஒன்றையொன்று தாங்கி நின்றன. கடலையில் செய்ததைவிட இதுவே சிறந்தது என்று என் மகள் கருதினாள். பேத்தி கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை.

அன்று மாலை ஓதல் முடிந்ததும் பெரிய தாம்பாளத்தைப் பாயின் நடுவே வைத்தோம். சிறுவனின் தாயார் திரைக்கு அப்பால் என் மனைவியோடு அமர்ந்திருந்தார். சிறுவன் முதலில் வாசற்பக்கம் திரும்பித் தாயைப் பார்த்தான். அவர் தலையசைத்தார். பின்னர் அவன் கை நீட்டினான். அவ்வளவே நடந்தது. பக்கத்தில் இருந்தவன் ‘எனக்கு விடுடா’ என்று அவன் தோளை இடித்தான். அந்த இடியை அவன் மிகவும் விரும்பினான் என்றே எனக்குத் தோன்றிற்று.

இது தொடர்பாக மருத்துவர் வழி நான் அறிந்துகொண்டவற்றைத் தாய்மார்களுக்குச் சொல்லிவைக்க வேண்டும். உதடு, முகம் வீங்குதல், தடிப்பு, வாந்தி, இரைப்பு, மயக்கம் ஆகியன கடலை உண்ட சிறிது நேரத்தில் தோன்றினால், வீட்டு வைத்தியம் பார்த்துக் காலம் கடத்தாமல் உடனே மருத்துவமனைக்கு எடுத்துச் செல்ல வேண்டும். அங்கு இடும் அட்ரினலின் ஊசியே உயிர் காப்பது. கடலையைக் குழந்தைக்குத் தாமதித்துக் கொடுத்தால் ஒவ்வாமை வராது என்று முன்னர்ப் பலர் எண்ணினர். இலண்டனில் அறுநூற்றுக்கும் மேற்பட்ட குழந்தைகளைக் கொண்டு நடத்திய ஆய்வொன்று 2015இல் வெளிவந்தபின் அக்கருத்து மாறிற்று. கரப்பானோ முட்டை ஒவ்வாமையோ இருந்த அக்குழந்தைகளுள், நான்கு முதல் பதினொரு மாதத்துக்குள் கடலை உணவு தொடங்கப்பட்டவர்க்குப் பிற்காலத்தில் கடலை ஒவ்வாமை மிகக் குறைவாகவே ஏற்பட்டது. ஆயினும் இதை மருத்துவரைக் கேட்டே செய்ய வேண்டும். சிறு குழந்தைக்கு முழுக்கடலை எக்காரணத்தாலும் ஆகாது, மூச்சுக்குழலில் சிக்கும்.

கடலையைத் தெரிந்தெடுப்பதிலும் கவனம் தேவை. 1960இல் இங்கிலாந்தில் ஏறத்தாழ ஒரு லட்சம் வான்கோழிகள் மாண்டன. அவை தின்ற கடலைப் பிண்ணாக்கில் பூஞ்சணம் விளைவித்த நஞ்சே காரணம் என்று பின்னர்த் தெரிந்தது. அதற்கு அஃப்ளடாக்ஸின் என்று பெயரிட்டனர். ஈரத்தில் கிடந்து சுருங்கியும் நிறம் மாறியும் கசந்தும் இருக்கும் கடலையை வறுத்தாலும் அந்நஞ்சு முற்றும் நீங்குவதில்லை. அரைப்பதற்கு முன் முறத்திலிட்டு அத்தகையவற்றைப் பொறுக்கி எறிந்துவிட வேண்டும். விழுதாகிவிட்டால் எது நல்லது, எது கெட்டது என்று கண்ணுக்குத் தெரியாது. வீட்டில் அரைப்பதன் பயன் இதுவே.

பேத்தி ஊர் திரும்புமுன் வேடந்தாங்கல் ஏரிக்கு அழைத்துச் சென்றோம். ஏறத்தாழ 30 ஹெக்டேர் பரப்புள்ள சிற்றேரி. நீரில் நிற்கும் மரங்களின்மேல் நத்தைக்குத்தி நாரையும் கூழைக்கடாவும் அரிவாள்மூக்கனும் நீர்க்காகமும் அடைந்திருந்தன. 1798இல் அப்போதைய செங்கற்பட்டுக் கலெக்டர் லயனல் பிளேஸ், பறவைகளைக் காக்கவேண்டி இவ்வூரார் கேட்டுக்கொண்டதற்கு இணங்கி ஆணை வழங்கினார். 2022இல் இது உலக முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலங்களுள் ஒன்றாக அறிவிக்கப்பட்டது. பறவைகளின் எச்சம் கலந்த நீர் வயலுக்கு உரமாவதை இவ்வூரார் நெடுங்காலமாக அறிவர். அப்பறவைகள் அஞ்சி ஓடிவிடக் கூடாதென்று தீபாவளிக்கும் இவர்கள் வெடி வெடிப்பதில்லை. ஊர்ப்பிள்ளைகள் அனைவரும் ஆண்டுதோறும் தங்கள் ஆசை ஒன்றை விட்டுக்கொடுக்கிறார்கள். அதை ஒரு தியாகமென்று எவரும் பறைசாற்றுவதுமில்லை. பேத்தி இதைக் கேட்டுவிட்டு, “அப்ப இங்க எல்லாருக்கும் ஏற்கெனவே தெரியும்” என்று தன் தாயிடம் சொன்னாள். எது தெரியும் என்று நான் கேட்கவில்லை.

வாசகச் சகோதர சகோதரிகளே! கடலையை வெறுக்க வேண்டுமென்று நான் எழுதவில்லை. எங்கள் மண்ணில் விளைந்த கடலையை வறுத்து அரைத்துச் செய்த அந்த இனிப்பை இம்மார்கழியிலும் வீட்டில் செய்வோம். நீங்களும் செய்து பாருங்கள். ஆயினும் பெருநாளைக்கும் மவ்லிதுக்கும் மக்தபில் குர்ஆன் ஓதி முடிக்கும் நாளுக்கும் தின்பண்டம் பகிர்வதற்கு முன், ‘யாருக்கேனும் ஆகாததா?’ என்று ஒரு சொல் கேளுங்கள். அச்சொல்லைப் பிள்ளைகளின் முன்னே உரக்கக் கேளாமல், தாய்மாரிடம் முன்னதாகவே கேட்பது இன்னும் நன்று. உங்கள் ஊரிலும் பசிக்கவில்லை என்று சொல்லிக் கையை மடக்கிக்கொள்ளும் ஒரு பிள்ளை இருக்கக்கூடும். எள்ளும் பொரியும் எல்லாக் கடையிலும் கிடைக்கின்றன.